கிழக்குக் கோடிக் கட்டில்

சிதம்பரத்தில் என் மகள் வீட்டுக்கு ஆடி மாசம் போயிருந்தபோதுதான் இருமல் ஜாஸ்தியானது. கடலூரில் மகன் வீட்டில் இருக்கும்போதே அது இருந்ததுதான். மிளகாய் வறுத்த நெடி, பரணிலிருந்து இறக்கின பாயின் தூசி என்று நானே ஒவ்வொரு காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகன் கோர்ட்டில் வேலை பார்க்கிறான். தினம் பத்துப் பேர் சொல்கிற காரணத்தைக் கேட்டுப் பழகினவன், என்னுடையதையும் கேட்டுக்கொண்டான். மகள் டீச்சர். அவளிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. மாத்துச் சேலையை ஒரு பையில் திணித்து, என்னை ஆட்டோவில் ஏத்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, வார்டில் படுத்துத்தான் ஆகணும் என்றார்கள்.

அந்த ஆஸ்பத்திரியின் பேரை நான் எழுதப்போவதில்லை. அங்கே எனக்கு யாரும் கெடுதல் செய்யவில்லை. எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் நடக்கக்கூடியதுதான் அங்கேயும் நடந்தது.

பொம்பளைங்க வார்டு மேற்கிலிருந்து கிழக்கே நீளமாகப் போகும். மேற்கே வாசல், வாசலை ஒட்டி சிஸ்டருங்க மேசை. ரெண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில், கட்டிலுக்குப் பின்னால் வரிசையாக ஜன்னல். ஜன்னல் என்று பேர்தான். கூடத் துணைக்கு இருக்கிற பொம்பளைங்க துவைத்த சேலை, பாவாடை, துண்டு எல்லாவற்றையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். துணி இல்லாத ஜன்னலை ஆடிக்காத்துப் புழுதிக்குப் பயந்து சாத்தி, இடுக்கில் அட்டையைச் செருகியிருந்தார்கள். கிழக்குக் கோடிச் சுவரில் மட்டும் பெரிய ஜன்னல் ஒன்று திறந்து கிடக்கும். அதற்கு மேலே காத்தை வெளியே இழுத்துத் தள்ளுகிற ஃபேன். அந்தக் கோடியில் ஒரு கட்டில். அதை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். காலை வெயில் நேரே மூஞ்சியில் அடிக்கும். அங்கிருந்து சிஸ்டரைக் கூப்பிட்டால் மேசைக்குக் கேக்காது.

எனக்கு நடுவில் ஒரு கட்டில் கிடைத்தது. அடுத்த கட்டிலில் ஒரு பெண், என் மகளைவிட ரொம்பச் சின்னவள். சேத்தியாத்தோப்பில் கட்டிக்கொடுத்த பெண். சிறுநீரகத்தில் கோளாறு, முகமெல்லாம் நீர் கோத்து உப்பியிருக்கும். கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து கிடந்தாள். துணைக்கு இருந்தது அவளைப் பெத்தவள். அவர்கள் வீடு சிதம்பரத்திலேயே, கோயிலுக்குத் தெற்கே. அந்த அம்மாதான் சொன்னாள், அவளுக்குக் கொடுக்கிற மாத்திரை நோயைக் கட்டுவதோடு, உடம்பில் நோயை எதிர்க்கிற சக்தியையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடுமாம்.

“தெருவுல போறவன் தும்முனா இவளுக்குக் காய்ச்சல் வரும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. சளி கிளி புடிச்சிடாம பாத்துக்கணுமாம்.”

அந்தப் பெண் முதல் நாள் என்னை “ஆயா, தண்ணி வேணுமா?” என்று கேட்டாள்.

“ஆயான்னு கூப்புட எனக்குப் பேரப்புள்ளைங்க இருக்காங்க. நீ பெரியம்மான்னு கூப்புடு” என்றேன்.

“சரிங்க பெரியம்மா. கொறட்டைய மட்டும் கொஞ்சம் கொறச்சுக்குங்க.”

“நான் கொறட்டை விடறதில்ல.”

“அப்ப வார்டுக்குள்ள யாரோ டிராக்டர் ஓட்டுறாங்கபோல.”

அப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது. அவளுக்கு உப்பு ஆகாது. என் மகள் கொண்டுவருகிற மாங்கா ஊறுகாய் டப்பாவைத் திறந்தால் கட்டிலில் புரண்டு படுத்துக்கொண்டு, “மோந்து மட்டும் பாத்துட்டுத் தரேன், பெரியம்மா” என்பாள். கொடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்துவிட்டு, “ரெண்டு இட்லி உள்ள போயிடுச்சு” என்பாள். அவள் அம்மா திட்டுவாள். நான் சிரித்தால் இருமல் வரும். இருமி முடிக்கிற வரைக்கும் அந்தப் பெண் கையை நீட்டி என் முதுகைத் தடவிக்கொடுப்பாள். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் அவ்வளவுதான் தூரம்.

பிறகு ஒரு காலை சின்ன டாக்டர் வந்தார். என் சளியில் டி.பி. கிருமி இருக்கிறது என்றார்.

“பயப்பட ஒண்ணுமில்லம்மா. மாத்திரைய விடாம சாப்டா சுத்தமா போயிடும்.”

நான் பயப்படவில்லை. நடவு நட்டு, களை பறித்து, ரெண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்த உடம்பு. இதையும் தாங்கும் என்று எனக்குத் தெரியும். மாத்திரையைக் கையில் வாங்கி அங்கேயே முழுங்கினேன். அதற்குப் பிறகு சிஸ்டர் வந்து சொன்னதைத்தான் என்னால் முழுங்க முடியவில்லை.

“அம்மா, இந்த நோவுக்குன்னு இருக்கற தனி வார்டுல இப்ப எடம் இல்ல. காலியாவற வரைக்கும் நீங்க அந்தக் கோடிக் கட்டிலுக்கு மாறிக்குங்க. வாய மூடி இந்த மாஸ்க்கைப் போட்டுக்குங்க.”

“எந்தக் கோடி?”

“அதாம்மா, கெழக்கால.”

“நான் போவ மாட்டேன்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுதித்தான் ஆகணும். நான் பிறந்த ஊர் வெள்ளாத்துக்கு அந்தப் பக்கம். எங்கள் தெரு ஊருக்குக் கிழக்கே தள்ளி இருக்கும், நடுவில் வாய்க்காலும் வயலும். நாம மட்டும் ஏன் இங்கே இருக்கிறோம் என்று சின்னதில் என் அம்மாவைக் கேட்டேன். நாத்து முடி கட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமலே சொன்னாள்.

“நம்மூர்ல மேக்கேர்ந்து வர்ற மேலக்காத்துதான் ஜாஸ்தி. அது ஊரு மேல பட்டுட்டு நம்ம மேல வரலாமாம். நம்ம மேல பட்டுட்டு ஊரு மேல போவக்கூடாதாம். காத்து பாத்துதான் நம்மள இங்க வெச்சிருக்காங்க.”

வயல் எந்தப் பக்கம் சரிவு, தண்ணி எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். கோபமே இல்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து நான் பட்டேன். களத்தில் கூலி நெல் அளக்கிறபோது, “காத்துக்கு அந்தாண்ட நில்லு” என்று ஒரு ஆள் கையைக் காட்டுவார். நாங்கள் நகர்ந்து நிப்போம். கட்டிக்கொண்டு கடலூருக்கு வந்தபின், வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் எல்லாரும் தண்ணி வசதி கேட்பார்கள். நான் அந்தத் தெரு ஊரோடு ஒட்டி இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா என்று பார்ப்பேன். தள்ளி இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அதற்காக என்னைக் கேலி பண்ணுவார்.

இத்தனை வயசுக்குப் பிறகு, என் பிள்ளைகள் இந்த நிலைமைக்கு வந்த பிறகு, ஒரு சிஸ்டர் என்னைக் கிழக்குக் கோடிக்குப் போ என்கிறாள். என் மூச்சு மற்றவர்கள் மேல் படக்கூடாதாம்.

என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். சிஸ்டர் அவளிடம் சொல்லியிருப்பாள் போல. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா, இது அது இல்லம்மா.”

“எது எது இல்ல?”

“நீ நெனைக்கறது இல்ல. இது நோவு. காத்துல பரவற நோவு.”

“அவுங்களும் அதைத்தான சொன்னாங்க, காத்துல பரவும்னு. நீ படிச்சிட்ட, உனக்கு வேற வேறயா தெரியுது. எனக்கு ரெண்டும் ஒரே கோடிதான்.”

அவள் முகம் சுண்டிப்போனது. மாஸ்க்கை மட்டும் என் காதில் மாட்டிவிட்டுப் போனாள். அதை நான் கழட்டவில்லை. அது என் மகள் மாட்டினது.

அடுத்த கட்டிலில் அந்தப் பெண்ணின் அம்மா தன் ஸ்டூலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாத்திப் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டதையும் பார்த்தேன். இவள்தான் போய்ச் சொல்லியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். கோயில் பக்கத்து வீட்டுக்காரி, காலையில் குளிக்காமல் பச்சைத் தண்ணி குடிக்காதவள். நான் எந்த ஊர், எந்தத் தெரு என்று வந்த அன்றே விசாரித்துத் தெரிந்துகொண்டவள். எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்று சாயங்காலம் அந்தப் பெண் இருமினாள். சளி இல்லாத வறட்டு இருமல். ஒரு இருமல்தான். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். நெருப்பை மிதித்தவள் மாதிரி இருந்தது. ஆனாலும் நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

மறுநாள் டாக்டருங்க சுற்றிப் பார்த்துவிட்டுப் போனபிறகு வேறொரு டாக்டரம்மா வந்தார். தலை பாதி நரைத்தவர். அவர் வைத்தியம் பார்க்கிறவர் இல்லை, ஆஸ்பத்திரிக் காத்தில் என்னென்ன கிருமி இருக்கிறது என்று பார்க்கிறவர் என்று சிஸ்டர் சொன்னாள். கூட ரெண்டு பெண்கள், கையில் தட்டு அடுக்கு. உள்ளங்கை அகலத்தில் வட்டமான சின்னத் தட்டு, மூடி போட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே சிவப்பாகக் கூழ் உறைந்த மாதிரி இருக்கிறது. கட்டிலுக்கு நடுவே, ஸ்டூல் மேல், ஜன்னல் கட்டை மேல் என்று அங்கங்கே தட்டைத் திறந்து வைத்துவிட்டு, யாரும் தொடக்கூடாது என்றார்கள்.

எதிர்க் கட்டில் கிழவி என்னைக் கேட்டாள். “என்னாம்மா, படையல் வெக்கிறாங்க? எலை கூடப் போடல?”

“யாருக்குப் படையல்?”

“யாருக்கோ. வந்து துன்னா தெரிஞ்சுடும்.”

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, “அது சரிதான் பாட்டி, வர்றவங்க வந்து சாப்டறதுக்குத்தான் வெச்சிருக்கோம். காத்துல மெதக்கற கிருமி இதுல வந்து விழும். ரெண்டு நாள்ல மொளைச்சுத் தெரியும்” என்றார்.

அந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் அடுத்து அவர் செய்தது எனக்கு அவ்வளவு ஆத்திரத்தைக் கொடுத்தது.

நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். ஊதுவத்தி வாசனை வந்தது. ஏதோ ஒரு கட்டிலில் யாரோ சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். வாசனை கிட்டக் கிட்ட வந்தது. கண்ணைத் திறந்தால், என் தலைக்கு நேர் மேலே டாக்டரம்மா கொளுத்தின ஊதுவத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

“எடுங்க அதை! தலமாட்டுல ஊதுவத்தி கொளுத்தற அளவுக்கு நான் இன்னும் போவல. அதைச் செய்ய என் புள்ளைங்க இருக்காங்க. நீங்க யாரு கொளுத்தறதுக்கு?”

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வத்தியைக் கீழே இறக்கி, பிள்ளைங்க மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஐயோ, மன்னிச்சுக்குங்கம்மா. எனக்குத் தோணவே இல்ல. சத்தியமாத் தோணல.”

எதிர்க் கட்டில் கிழவி எழுந்து உட்கார்ந்தாள். “ஏம்மா, எனக்கும் அப்படித்தான் கொளுத்தி நீட்டுனாங்க. நான் சாமிக்குன்னு நெனச்சுப் பொகைய ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டேன். அப்ப நானும் போயிட்டனா?”

“நீ போயிருந்தா கஞ்சி எவ்வளவு மிச்சமாயிருக்கும்” என்றாள் அவள் மருமகள். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த கட்டில் பெண்ணும் சிரித்தாள். அவள் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவள் அம்மா சிரிக்கவில்லை.

டாக்டரம்மா என் கட்டில் ஓரமாக வந்து நின்றார். “காத்து கண்ணுக்குத் தெரியாதும்மா. பொகை தெரியும். பொகை எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கந்தான் நம்ம மூச்சும் போவும். அதைப் பாக்கத்தான் ஒவ்வொரு கட்டிலா கொளுத்திப் பாக்கறோம்.”

“என்னை அந்தக் கோடிக்குத் தள்ளிவிடத்தான இந்த வேலையெல்லாம்?”

“நீங்களே புடிச்சுப் பாருங்க” என்று வத்தியை என் கையில் கொடுத்துவிட்டார்.

மாஸ்க்குக்குக் கொஞ்சம் முன்னால், வாய் இருக்கிற உயரத்தில் பிடித்தேன். தலைக்கு மேலே கூரையில் ஃபேன் சுத்திக்கொண்டுதான் இருந்தது. புகை கொஞ்ச தூரம் மேலே போனது. பிறகு மடங்கியது. மடங்கி, நூல் பிரிகிற மாதிரி ரெண்டு மூணாகப் பிரிந்து, கீழே இறங்கி, பக்கத்துக் கட்டில் மேல் போனது. அந்தப் பெண் ஒருக்களித்து என்னைப் பார்த்துப் படுத்திருந்தாள். புகை அவள் தலைமுடியில் பட்டது, நெத்தியில் பட்டது, உப்பின கன்னத்து மேல் தங்கி நின்றது. அவள் ஈ ஓட்டுகிற மாதிரி கையை ஆட்டினாள். புகை விலகி, மறுபடியும் அங்கேயே வந்தது.

“ஃபேன் சுத்துதே?” என்றேன்.

“ஃபேன் காத்தை மாத்தாதும்மா. கொழம்பக் கரண்டியால கிண்டற மாதிரி உள்ள இருக்கறதையே கிண்டி விடும். பழசு வெளிய போனாத்தான் புதுசு உள்ள வரும். ஜன்னல் எல்லாம் மூடிக் கெடக்குதே, எங்க போவும்?”

நான் அவர் பேச்சைப் பாதிதான் கேட்டேன். புகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளாக நான் இருமினதெல்லாம் இந்த வழியாகத்தான் போயிருக்கிறது. அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தபோதும், ஊறுகாய் டப்பாவை மோந்து பார்த்தபோதும். சாம்பல் உதிர்ந்து என் சேலையில் விழுந்தது. தட்டிவிடத் தோணவில்லை.

வத்தியை எடுத்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கினேன். சிஸ்டர் பிடிக்க வந்தாள், வேண்டாம் என்றேன். கிழக்குக் கோடி வரைக்கும் நானே நடந்தேன். அந்தக் காலிக் கட்டிலில் உட்கார்ந்து வத்தியை வாய்க்கு நேரே பிடித்தேன். புகை எந்தப் பக்கமும் திரும்பவில்லை. இழுத்த கயிறு மாதிரி நேராக ஜன்னலுக்கு மேலிருந்த ஃபேனுக்குப் போய் வெளியே போய்விட்டது. வெளியே ஒரு காலித் திடல், அதைத் தாண்டி வேப்பமரம். ஆள் நடமாட்டம் இல்லை. இன்னொரு தடவை பார்த்தேன். அப்போதும் அப்படித்தான்.

பின்னாலேயே டாக்டரம்மா வந்து நின்றார். அவரைப் பார்த்துக் கேட்டேன்.

“உங்க அம்மாவுக்கு இந்த நோவு வந்தா இந்தக் கட்டில்ல படுக்க வெப்பீங்களா?”

உடனே பதில் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

“வெப்பேன். உங்களைவிட ஜாஸ்தி சண்டை போடுவாங்க. ஆனா வெப்பேன்.”

திரும்பி என் பழைய கட்டிலுக்கு வந்தேன். பையை எடுத்துச் சேலை, டம்ளர், சீப்பு எல்லாவற்றையும் உள்ளே போட்டேன். அந்தப் பெண்ணின் அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். பையைத் தூக்க வந்தாள்.

“விடு. நானே எடுத்துக்குவேன்” என்றேன். பிறகு கேட்டே விட்டேன். “நீதான சிஸ்டர்கிட்ட போயி சொன்ன, என்னை அங்க தள்ளச் சொல்லி?”

அவள் கண் கலங்கியது. முதல் தடவையாக என்னை அக்கா என்று கூப்பிட்டாள்.

“நான் சொல்லலக்கா. சொல்லணும்னு துடிச்சேன். உங்களுக்கு இதுதான்னு தெரிஞ்ச நிமிசத்துலேர்ந்து வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டிருக்கேன். ஆனா நான் போயி சொன்னா, நீங்க அதை எப்படி எடுத்துக்குவீங்கன்னு பயம். நான் எந்தத் தெருக்காரி, நீங்க எந்தத் தெரு… ஊர்ல என்ன பேசுவாங்க? அந்தப் பயத்துல வாயத் தொறக்காம என் பொண்ணை உங்க பக்கத்துலயே போட்டு வெச்சிருந்தேன்.”

என் அம்மா சொன்ன அந்தக் காத்து ரெண்டு பேர் வாயையும் கட்டிப்போட்டு, நடுவில் கிடந்த பெண்ணை மறந்துவிட்டது. அதற்காக நான் அன்றைக்குப் போகமாட்டேன் என்று சொன்னது தப்பு என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லிவிட்டால், எங்களை அங்கே வைத்தவர்கள் செய்தது சரி என்று ஆகிவிடும். ரெண்டும் வேற வேற என்று எனக்குத் தெரிய ஒரு ஊதுவத்தி எரிகிற நேரம் தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

பையைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில், ஜன்னல் கம்பியில் தொங்கின என் சேலையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டேன். “ஏம்மா, இன்னும் காயலியே?” என்றாள் ஒருத்தி. “அவுங்க அவுங்க துணிய அவுத்துக்குங்க. காத்து வரட்டும்” என்றேன். புழுதி வரும், சோத்தில் மண் விழும் என்று ரெண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். சோத்தை மூடி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு சிஸ்டரும் வார்டு ஆயாவும் வந்து அட்டைகளைப் பிடுங்கினார்கள். ஆடிக்காத்து வாசல் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் உள்ளே வந்தது. கிழவி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எல்லாரையும் திட்டினாள்.

ரெண்டு நாள் கழித்து டாக்டரம்மா அந்தத் தட்டுகளில் சிலதை மூடி திறக்காமல் கொண்டுவந்து காட்டினார். என் பழைய கட்டிலுக்கும் அந்தப் பெண்ணின் கட்டிலுக்கும் நடுவில் வைத்திருந்த தட்டில் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளி புள்ளியாக முளைத்திருந்தது, அரிசியை வாரி இறைத்த மாதிரி. ஓரத்தில் ஒன்று பச்சையாகப் பஞ்சு கட்டியிருந்தது, பழைய சோத்தில் பூக்கிற பூஞ்சணம் மாதிரி. கோடி ஜன்னல் பக்கம் வைத்த தட்டில் அங்கொன்று இங்கொன்று.

“இதுல எது என்னோடது?” என்று கேட்டேன்.

“உங்களோடது இதுல வராதும்மா. அது ரொம்ப மெதுவா வளரும், அதுக்கு வேற கூழு வேணும். இது எல்லார் மேலேர்ந்தும் வர்றது. என் மேலேர்ந்தும்தான். காத்து எங்க தேங்கி நிக்குதுன்னு மட்டும் இது சொல்லும்.”

எல்லார் மேலிருந்தும் என்று அவர் சொன்னது எனக்கு நினைவில் நின்றது. ஆனால் அதில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் இருமல் நிக்காமல் இருந்தது.

அவளுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். சளி எடுத்துப்போனார்கள். சளியே வரவில்லை, கஷ்டப்பட்டு எடுத்தாள். கோடிக் கட்டிலிலிருந்து நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் பக்கத்திலிருந்து பேசுவோம், இப்போது அவள் அங்கிருந்து கத்தினாள். “பெரியம்மா, அங்க டிராக்டர் ஓடுதா?” நான் கையை மட்டும் ஆட்டுவேன். கத்தினால் இருமல் வரும். இருமினால் அந்தக் காத்து வெளியேதான் போகும் என்று தெரிந்தும், நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருமுவேன். வெயில் நேரே முகத்தில் அடிக்கும். கண்ணை மூடிக்கொள்வேன். சாமியை எனக்காகக் கூப்பிட்ட ஞாபகம் இல்லை. அந்த நாட்களில் கூப்பிட்டதெல்லாம் அவளுக்காகத்தான்.

பரிசோதனை முடிவு வந்தது. அவள் அம்மா ஓடி வந்தாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். அங்கிருந்தே சொன்னாள்.

“இல்லையாம்க்கா! சளியில ஒண்ணும் இல்லையாம்!”

நான் எழுந்து உட்கார்ந்தேன். ஆனால் அவள் முகம் முழுசாகத் தெளியவில்லை.

“ஆனா உள்ள போயி தூங்கிக்கிட்டு இருக்கலாமாம். இவ சாப்டற மாத்திரைக்கு அது எப்ப வேணா முழிச்சுக்குமாம். அதுக்குத் தடுப்பு மாத்திரை குடுத்திருக்காங்க, மாசக்கணக்கா சாப்டணுமாம். இருமல் வந்தா ஒடனே வந்துடணுமாம்.”

“சாப்டச் சொல்லு. ஒரு நாளு விடக்கூடாது. நானும் விட மாட்டேன்” என்றேன்.

அவளை வீட்டுக்கு அனுப்பினபோது நான் இன்னும் அங்கேதான் இருந்தேன். தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்க வந்தாள். கட்டில் கட்டிலாகத் தாண்டி வந்தாள். காலில் விழணும் என்று நினைத்தாள்போல. நான் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினேன். அவள் நின்றாள். அழுதாள். “வீட்டுக்குப் போயி மொதல்ல கையக் கழுவிட்டுப் புள்ளையத் தூக்கு” என்றேன்.

இப்போது நான் கடலூரில் இருக்கிறேன். மாத்திரை முழுசும் சாப்பிட்டு முடித்து, சளி பரிசோதனையும் செய்துவிட்டேன். இனி யாருக்கும் என்னால் ஒட்டாது என்று சொல்லிவிட்டார்கள். நான் பிழைத்துக்கொள்வேன் என்பது எனக்கு முதல் நாளே தெரியும்.

அவளுக்குத் தடுப்பு மாத்திரை முடிந்துவிட்டது. ஆனால் சிறுநீரகத்துக்கான மாத்திரை முடியாது, அது அவளோடு இருக்கும். வாரத்தில் ஒரு நாள் போன் பண்ணுவாள். பிள்ளை நடக்கிறான், மாமியாரிடம் கடன் வாங்கின அரிசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று நாத்தனார் சண்டை போடுகிறாள், கொல்லையில் முருங்கை காய்த்திருக்கிறது என்று நிறுத்தாமல் பேசுவாள். என் மருமகள்கூடக் கேட்பாள், இவ்வளவு நேரம் அப்படி என்ன கதை என்று. அவள் சொல்கிற கதை பாதி எனக்கு மனசில் ஏறுவதே இல்லை. நான் டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் பேச்சுக்கு நடுவே எங்கேயாவது இருமுகிறாளா என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் போனை வைக்கிற வரைக்கும் நானாக வைப்பதில்லை.